சிரித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் ரஷ்ய நாடாளுமன்ற அடிதடிகளைத் தொகுத்துப் போட்டிருந்தீர்கள். படிக்க ஜாலியாகத்தான் இருந்தது. ஆனால் ரஷ்யத் தீவிர தேசியவாதக் கட்சித் தலைவர் விளாதிமிர் ஷிரினோவ்ஸ்கியை 'யாருக்கும் தீங்கு செய்யாத கோமாளி' என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

தொண்ணூறுகளில் மாஸ்கோவில் படித்தவன் நான். 1993 டிசம்பர் தேர்தலில் இந்தக் கோமாளியின் கட்சி, கட்சிப் பட்டியல் வாக்குகளில் கிட்டத்தட்ட 23 சதவீதம் வாங்கி முதலிடத்துக்கு வந்தபோது எங்கள் விடுதியில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் பாட்டி அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார். நல்ல மனுஷி, எங்களுக்குச் சளி பிடித்தால் ராஸ்பெர்ரி ஜாம் போட்டு டீ கொடுப்பார். பென்ஷன் ரொட்டிக்கே காணவில்லை, எங்களுக்காகக் கத்துவதற்கு அவர் ஒருத்தர்தான் இருக்கிறார் என்பார். தெற்கே காகசஸ், மத்திய ஆசியா பக்கமிருந்து வந்தவர்களை அப்படித் திட்டுகிறாரே பாட்டி என்றால், "உங்களை இல்லையப்பா, மற்றவர்களை" என்பார். மெட்ரோவில் எங்களை முறைத்த பையன்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. இருட்டினால் தனியாக வெளியே போவதை நிறுத்திவிட்டோம். ரஷ்யச் சிப்பாய்கள் இந்தியப் பெருங்கடலில் பூட்ஸ் கழுவுவதாகக் கனவு கண்டு அவர் புத்தகம் எழுதியதும் அந்தக் காலத்தில்தான், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா!

சரி, அந்தக் கூத்துக்குப் பின்னால் என்ன நடந்தது என்று உங்கள் நிருபர் ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையும் சேர்த்துக் கிண்டல் பண்ணுவான். இவரோ உலகத்தையே திட்டினார், புதின் மேல் மட்டும் கை படாமல் பார்த்துக்கொண்டார். 1999இல் அப்போதைய அதிபர் எல்ட்சினைப் பதவி நீக்கம் செய்யத் தீர்மானம் வந்தபோதும் 'எதிர்க்கட்சி' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த இவர் ஆட்கள் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். 2000 முதல் 2011 வரை ரஷ்ய நாடாளுமன்றக் கீழவையான டூமாவின் துணைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை நீங்கள் சர்க்கஸ்காரர் மாதிரி காட்டுகிறீர்கள். 2020இல் இவர் கட்சியைச் சேர்ந்த ஹபரோவ்ஸ்க் ஆளுநர் ஃபுர்கால் கைதானபோது ஜனங்கள் வாரக்கணக்கில் தெருவில் நின்றார்கள், இவரும் டூமாவில் தொண்டை கிழியக் கத்தினார். அப்புறம் அந்த ஆளுநர் நாற்காலிக்கு கிரெம்ளின் அனுப்பியதும் இவர் கட்சி ஆளைத்தான், கத்தல் அடங்கிவிட்டது.

2014இல் உக்ரைன் பற்றிக் கேள்வி கேட்ட கர்ப்பிணி நிருபரைப் பலாத்காரம் செய்யச் சொல்லித் தன் உதவியாளர்களை ஏவினார், கேமரா முன்னால். தீங்கு செய்யாத கோமாளி! 2021 டிசம்பரில், வரும் பிப்ரவரி 22ஆம் தேதி அதிகாலை நாலு மணி என்று நாள் குறித்து டூமாவிலேயே மிரட்டினார், அந்தத் தேதிக்கு இரண்டு நாள் தள்ளி உக்ரைன் போர் தொடங்கியது. அந்த ஏப்ரலில் அவர் இறந்தபோது நீங்கள் போட்ட அஞ்சலியில்கூட 'கலகலப்பானவர்' என்றுதான் இருந்தது.

உங்கள் உலகப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ஏஜென்சி செய்தியை அப்படியே தமிழில் இறக்குவது, டூமாவை மேலவை என்று எழுதுவது, ரஷ்யா என்றாலே ஒரு பனிக்கரடி படம். மேலவை விஷயத்துக்கு நான் முன்பே எழுதியிருந்தேன். 'உங்கள் கட்டுரைகள் அருமை' என்ற முதல் வரியை மட்டும் போட்டு மிச்சத்தை வெட்டினீர்கள். நன்றி.

இப்போது கேட்பது ஒன்றுதான். ஷிரினோவ்ஸ்கி ஜூஸ் வீசும் படத்துக்குக் கீழே 'எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மீது' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த 'ஒருவர்' போரிஸ் நெம்ட்சோவ். 1995இல் அவர் நிஷ்னி நோவ்கராத் ஆளுநர், நடந்தது டிவி விவாதத்தில், நாடாளுமன்றத்தில் அல்ல, அவரும் பதிலுக்கு ஜூஸை வீசினார். இருபது வருஷம் கழித்து, 2015 பிப்ரவரியில், நிஜமாகவே எதிர்க்கட்சிக்காரராக இருந்தபோது கிரெம்ளின் பக்கத்துப் பாலத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த இதழில் அவர் பெயரைப் போட்டு ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள். இடம் இல்லை, இந்தக் கடிதத்தை வெட்டியே ஆகவேண்டும் என்றால் என் மாஸ்கோ கதையை வெட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பெயரைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
பல வருட வாசகன்,
கும்பகோணம்