அசனத்துக்கு அரிசி வாங்குமுன்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

நம் சபைகள் சேர்ந்த சேகரத்தின் குருவானவர் ஐயா அவர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

பேராயரின் கீழுள்ள சபைகள் எல்லாம் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தல் முடிந்துவிட்டது, அதில் மோதிய அணிகள் கலையவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இப்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இடம் மாறுகிறார்கள். இதற்காக ஐக்கியத்தைப் பற்றி இன்னொரு விசேஷக் கூட்டம் வைக்க வேண்டாம். பிரசங்கம் கேட்டு எந்த அணியும் கலைந்ததில்லை. அடுத்து சபையார் எல்லோரும் சேர்ந்து செய்யப்போகிற வேலை அசனம், அதாவது சபையார் எல்லோருக்கும் போடும் பொதுச் சாப்பாடு. அதை ஒழுங்காக நடத்திக் காட்டுங்கள், போதும்.

பவுல் கொரிந்து சபையைக் கண்டித்ததும் பந்தி விஷயத்தில்தான். சிலர் முந்திக்கொண்டு சாப்பிட, சிலர் பசியோடு இருந்தார்கள். நம் அசனத்தில் முதல் பந்திக்குக் கறியாக அள்ளிப் போடுகிறார்கள், கடைசிப் பந்திக்கு எலும்பும் குழம்பும்தான் மிஞ்சுகிறது. அந்தக் கடைசிப் பந்தியில் ஊர்க்கோடித் தெருக்காரர்களே வருஷா வருஷம் உட்காருவது தற்செயல் அல்ல. வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்திருந்த சுவரை 1910-ல் இடித்தார்கள். நாம் சுவர் கட்டவில்லை, பந்தியாலேயே பிரித்துவிட்டோம்.

சரிசெய்வது கஷ்டமில்லை. 800 பேர் என்று வைத்துக்கொள்வோம். கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் கணக்கில் 100 கிலோ. தலைக்கு 100 கிராம் என்றால் கறி 80 கிலோ. 200 பேராக நாலு பந்தி. தப்பு நடக்கிற இடம் அண்டா. எல்லாக் கறியையும் ஒன்றாக வேகவைத்து, வருகிற பந்திக்கு அள்ளிக் கொடுத்தால் கை தாராளமாகத்தான் போகும். பந்திக்கு ஓர் அண்டா, அதில் 20 கிலோ கறி என்று தனித்தனியாக ஏற்றி, மூடியில் சுண்ணாம்பால் பந்தி எண் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பந்தி உட்காருமுன் மூடியைத் திறக்கக் கூடாது. சோற்றையும் இருபத்தைந்து இருபத்தைந்து கிலோவாக வடித்தால் நாலாம் பந்திக்கும் சூடாக இருக்கும். தூக்குவாளியில் வீட்டுக்கு வாங்கிப்போவது நாலாம் பந்தி எழுந்த பிறகுதான்.

யார் எந்தப் பந்தி என்பதைச் சீட்டு தீர்மானிக்கட்டும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது குடும்பத்துக்கு ஒரு சீட்டு எடுக்கட்டும். முதியோர், நோயாளிகள், கைக்குழந்தைக்காரர்கள் மட்டும் சீட்டில்லாமல் முதல் பந்திக்குப் போகலாம். கமிட்டியும் குருவானவரும் கடைசிப் பந்தி. குருவானவர் வீடான குருமனையில் தனி இலை போடும் வழக்கத்தை இந்த வருஷத்தோடு விட்டுவிடுங்கள். பிரமுகர் யாராவது வந்தால் அவரும் சீட்டு எடுக்கட்டும். பரிமாறுகிறவர்களை இரண்டு அணியிலிருந்தும் ஜோடி ஜோடியாகப் போடுங்கள், சோற்று வாளி ஒருவர் கையில், குழம்பு வாளி மற்றவர் கையில். ஒருவர் இல்லாமல் மற்றவர் நகர முடியாது.

நன்கொடையை ஒலிபெருக்கியில் தொகையோடு வாசிப்பதையும் நிறுத்துங்கள். பெயர் மட்டும் அகரவரிசையில் போதும். தொகைக்கு ரசீது இருக்கிறது. வரவு செலவு இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் அறிவிப்புப் பலகைக்கு வரட்டும். காணிக்கைப் பொருளை ஏலத்தில் எடுத்தவர்கள் வைத்த பாக்கியும் அதிலேயே இருக்கட்டும், யார் பாக்கியானாலும்.

இன்னொன்று, சமாதான வாழ்த்து. 1950-ல் தென்னிந்தியத் திருச்சபை அமைத்த நற்கருணை ஆராதனை முறையில் அது கைக்குக் கை போகிறது. பீடத்தில் தொடங்கி, அடுத்தவரின் கைகளோடு கை சேர்த்து, வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சு வரை போக வேண்டும். காணிக்கை அதற்குப் பிறகுதான். நாம் நின்ற இடத்திலிருந்து ஒரு கும்பிடு போட்டு முடித்துக்கொள்கிறோம். பழையபடி நடத்தினால் ஐந்து நிமிஷம் கூடப் பிடிக்கும், பிடிக்கட்டும். எந்த பெஞ்சில் அது நின்றுபோகிறதோ, அந்த வீட்டுக்கு அந்த வாரமே குருவானவர் போகலாம்.

புகார்களுக்கு மத்தேயு 18-ல் வழி தெளிவாக இருக்கிறது: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, அதன்பின் சபைக்கு. நம்மிடம் முதலில் வாட்ஸ்அப், பிறகு பேராயருக்கு மொட்டைக் கடுதாசி, அப்புறம் கோர்ட். "நேரில் பேசினீர்களா?" என்று கேட்காமல் எந்த மனுவையும் செயலாளர் வாங்கக் கூடாது. பேசியும் தீரவில்லையென்றால் அணிக்கு ஒருவராக இரண்டு பேரை அனுப்பி, 15 நாள் தவணை கொடுங்கள். ஆனால் பணம் கையாடல், பெண்கள் பிள்ளைகள் மீதான அத்துமீறல் இவற்றை இந்த வழியில் போட்டு மூடி மறைக்கக் கூடாது. அவை நேராகப் போலீசுக்குப் போக வேண்டியவை. ஐக்கியம் என்ற பெயரில் இவற்றை அமுக்கிய சபைகள் பிறகு இரண்டு மடங்காக உடைந்திருக்கின்றன.

1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபை ஐக்கியப் பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேற 28 வருஷம் ஆனது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்று வெவ்வேறு முறைமைக்காரர்கள் அதில் ஒன்றானார்கள். நம் இரண்டு அணிகளுக்கும் முறைமை ஒன்று, பாட்டுப்புத்தகம் ஒன்று, கல்லறைத் தோட்டமும் ஒன்று.

அசனத்துக்குத் தேதி குறிக்கிற கூட்டத்திலேயே பந்திச் சீட்டையும் பரிமாறுவோர் பட்டியலையும் முதல் பொருளாக எடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆடு விலை பேச ஆரம்பித்துவிட்டால் பிறகு இதற்கு நேரம் இருக்காது.

இப்படிக்கு,
அசன வேலையிலும் கணக்கிலும் இருக்கும் சபையார்