எலிக் குதிகாலும் பெப்டைடு ஊசியும்

அன்புள்ள சோணை,

உன் மாணவர்களின் ஆய்வுத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். பிபிசி-157 என்ற பெப்டைடை (சின்னப் புரதத் துண்டு) ஊசியாகப் போட்டால் எலியின் குதிகால் தசைநாண் சீக்கிரம் கூடுமா என்ற கேள்வி சரிதான். ஆனால் எலியின் நாணை அறுத்துத் தைக்காமல் விட்டாலும் அது தானாகவே கூடிவிடும். அதனால் சலைன் (உப்பு நீர்) மட்டும் போட்ட எலிகளை வைத்துத்தான் எதையும் சொல்ல முடியும். எது எந்த எலி என்று அறுப்பவனுக்கும் தெரியக் கூடாது, அளப்பவனுக்கும் தெரியக் கூடாது.

பக்கத்தில் ஓடும் பிளான்டாரிஸ் நாண் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியது மாதிரி காலைத் தாங்கும். எடுப்பதென்றால் எல்லா எலியிலும் எடுக்கட்டும். வலி மருந்தும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு. வீக்கம் குறைக்கும் மருந்தே ஆரம்ப நாட்களில் நாண் கூடுவதைத் தடுக்கலாம்.

மருந்து கலக்கும் கணக்கில்தான் பையன்கள் கோட்டை விட்டிருக்கிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்றால் 250 கிராம் எலிக்கு 2.5 மைக்ரோகிராம். 5 மில்லிகிராம் புட்டியில் 5 மில்லி சலைன் விட்டால், போட வேண்டியது வெறும் 2.5 மைக்ரோலிட்டர். இன்சுலின் சிரிஞ்சில் ஒரு கோடே 10 மைக்ரோலிட்டர், எப்படி அளப்பான்? அந்தக் கரைசலை இன்னும் நூறு மடங்கு நீர்க்கச் செய்தால் 0.25 மில்லி வரும், கை நடுங்காமல் போடலாம். ஜாக்ரெப் குழு 2003-இல் 10 மைக்ரோகிராமிலிருந்து 10 பிகோகிராம் வரை, பத்து லட்சம் மடங்கு இறக்கிப் போட்டுப் பார்த்தது. அவ்வளவு நீர்த்தால் பெப்டைடு பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தக் கடைசி அளவை உங்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிடு.

கூடிய நாண் எவ்வளவு தாங்கும் என்று கருவியில் இழுத்துப் பார்க்கும்போது தசை கவ்வியிலிருந்து வழுக்கும். ஸ்கால்பெல் கத்தியின் முதுகுப் பக்கத்தால் சதையைச் சுரண்டிவிட்டு, நாணை மணல்தாளில் சுற்றிக் கவ்வணும். சலைனில் நனைந்தே இருக்கணும். நம்மூர் சித்திரையில் ஃபேன் காற்று பட்டால் நிமிஷத்தில் காய்ந்துவிடும். அறுந்தது நாணிலா, எலும்போடு பெயர்ந்ததா, கவ்வியில் நழுவியதா என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைக்கணும். நழுவியதைக் கணக்கில் சேர்க்காதே.

நாண் தாங்கிய மொத்த விசையை, அதாவது நியூட்டனை மட்டும் நம்பாதே; குறுக்குப் பரப்பால் வகுத்துப் பார். 8 சதுர மில்லிமீட்டர் தடித்த தழும்பு 40 நியூட்டன் தாங்கினால் 5 மெகாபாஸ்கல். 6 சதுர மில்லிமீட்டர் நாண் 36 தாங்கினால் 6. எது நல்ல நாண் என்று பையன்களையே கேள்.

உசிலம்பட்டி கபடிப் பசங்க இந்த ஊசியைக் கேட்டு வந்ததாக எழுதியிருந்தாய். 2022-லிருந்து வாடா (உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) தடைப் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பு. அவர்கள் கால் நாண் கத்தியால் அறுந்ததும் இல்லை, வருஷக்கணக்கில் தேய்ந்தது.

திருத்திய கலவைக் கணக்கு வந்ததும் பார்க்கிறேன்.

அன்புடன்,
பாண்டி