ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் கார்கள் கிளம்பிவிடும். சோதனைச்சாவடியில் பார்ப்பார்கள் என்பதால் பெட்ரோலை முக்கால் டாங்குக்குக் குறையாமல் நிரப்பிக்கொள்கிறோம். ஸ்பேர் டயரைப் பார்க்க யாரும் சொல்வதில்லை, நாமும் பார்ப்பதில்லை. உள்ளூரில் இது பெரிதாகத் தெரியாது. விரைவுச்சாலையில் வண்டி நின்றால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் பக்கத்துக் கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் சென்று விடும். நள்ளிரவில் மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பங்க்சர் ஆனால் நிலைமை வேறு.

பின்பெட்டியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். முழு அளவு டயர் இருக்கலாம், ஒல்லியான தற்காலிக டயர் இருக்கலாம். பல புதிய கார்களில், முக்கியமாக ஹைப்ரிட், மின்சார வண்டிகளில், இரண்டும் இருக்காது. டயரின் துளையை உள்ளிருந்து அடைக்கும் ஒட்டுத்திரவப் போத்தலும் சின்னக் காற்றுப் பம்பும்தான் இருக்கும்.

அதிகம் ஏமாற்றுவது ஒல்லி டயர்தான். அதன் பக்கவாட்டில் 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அளவும், 420 கிலோபாஸ்கல் என்ற அழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். மற்ற நான்கு டயர்களுக்கும் 220, 240 போதும். பெட்ரோல் நிலையத்தில் இயந்திரத்தை அந்த அளவுக்கு வைத்து நான்குக்கும் அடித்துவிட்டுக் கிளம்புகிறோம், ஐந்தாவது அப்படியே கிடக்கிறது. சும்மா கிடக்கும் டயரிலும் மாதாமாதம் கொஞ்சம் காற்று இறங்கும். இரண்டு மூன்று வருடம் தொடாமல் விட்டால் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். அகலம் குறைந்த அந்த டயர் வண்டியின் பாரத்தைத் தாங்குவதே அந்த உயர் அழுத்தத்தால்தான். காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி, சில கிலோமீட்டரிலேயே கிழியும். காற்று சரியாக இருந்தாலும் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. சுற்றிலும் 110-இல் ஓடும் சாலையில் இடது தடத்தில் நிதானமாகப் போய், அடுத்த ஊரின் டயர் கடையைத் தேட வேண்டும். ஈப்போ வரை ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

இங்குள்ள கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. முன்டயர் பங்க்சரானால் ஒல்லி டயரை முன்னால் மாட்டாமல், பின்னாலுள்ள நல்ல டயரை முன்னுக்குக் கொண்டுவந்து, ஒல்லியைப் பின்னால் மாட்டுவது நல்லது. ஒல்லியின் சுற்றளவு சிறிது என்றால் அது வேகமாகச் சுழலும், இரு முன்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடும் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்கள் ஓயாமல் தேயும். பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரத்தில்தான் விழுகிறது. இரண்டு சக்கரம் கழற்றுவது கூடுதல் வேலைதான், ஆனால் செய்யத் தக்க வேலை.

பழைய ஸ்பேர் சக்கரம் வாங்குவோர் ரிம் அளவை மட்டும் பார்த்துக் காசு கொடுத்துவிடுகிறார்கள். நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் பொருந்த வேண்டும்: 4 துளை 100 மில்லிமீட்டர், 5 துளை 114.3, பல ஜெர்மானிய வண்டிகளில் 5 துளை 112. நடுத்துளையும் பொருந்த வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் ரிம் உரசலாம். ஆகவே வாங்கும் இடத்திலேயே முன்சக்கரத்தில் மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஐரோப்பிய வண்டிகளில் நட்டுக்குப் பதில் போல்ட் வரும். தடித்த அலாய் ரிம்முக்கான நீளப் போல்ட்டை மெல்லிய இரும்பு ரிம்மில் போட்டால் அது உள்ளே நீட்டிக்கொண்டு பிரேக் பாகத்தைக் கெடுக்கும். குட்டைப் போல்ட்டுகளையும் சேர்த்து வாங்குங்கள். டயரின் வயது பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பத்து வயதான டயர் ஒருநாளும் ஓடாததாக இருந்தாலும் வேண்டாம்.

ஸ்பேருக்குப் பதில் ஒட்டுத்திரவப் போத்தல் உள்ளவர்கள் அதன் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். ஓடுபரப்பில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் வரையிலான துளையைத்தான் அது அடைக்கும், பக்கச்சுவர் கிழிசலுக்குப் பயன்படாது. குத்திய ஆணியைப் பிடுங்காதீர்கள். திரவம் ஏற்றிச் சில கிலோமீட்டர் ஓட்டியபின் அழுத்தத்தை மறுபடி பாருங்கள், டயர் கடைக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

மாற்றும்போது சமதளத்தில் நிறுத்திக் கைப்பிரேக் போட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஜாக்கியைக் கதவுக்குக் கீழ் விளிம்பில் குறியிட்ட இடத்தில்தான் வைக்க வேண்டும். நட்டுகளை நட்சத்திர வரிசையில் முடுக்கி, இறக்கியபின் கடைசி இறுக்கம் கொடுங்கள். பல கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் போதும், ஸ்பானர்மேல் ஏறி மிதிக்க வேண்டாம். பூட்டு நட்டு உள்ள வண்டியில் அதன் சாவி இல்லையென்றால் எதுவுமே நடக்காது. சுரங்கச்சாலையிலும் ஓடும் தடத்திலும் மாற்றவே முயலாதீர்கள். உதவிக்கு அழைத்துவிட்டுப் பாதுகாப்பாக ஒதுங்கி நில்லுங்கள்.

சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் உள்ள பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வீஸ் தாளில் நான்கு டயர்களின் அழுத்தத்தோடு ஐந்தாவதையும் எழுதுங்கள். ஸ்பேர் இல்லாத வண்டிக்குப் போத்தல் காலாவதியாகும் மாதத்தை அதே இடத்தில் குறித்துக்கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்