லேசர் வாங்கினீர்கள், புகை உறிஞ்சியையும் வாங்குங்கள்

லேசர் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் செவிலியர். லேசரால் நோயாளிகளுக்குக் கிடைக்கும் நன்மையைத் தினமும் பார்க்கிறேன். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964இல் அமெரிக்காவில் உருவாக்கியது கார்பன் டை ஆக்சைடு லேசர். குரல்வளை, வாய், கருப்பை வாய் என்று மென்மையான இடங்களில் இன்றும் அதுதான் கைகொடுக்கிறது. திசுவில் இருக்கும் நீர் அந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். செல் கொதித்து ஆவியாகும், சின்ன ரத்தக் குழாய்கள் அந்தச் சூட்டிலேயே அடைபடும். ரத்தப்போக்கு குறைவதற்குக் காரணம் அதுதான்.

சரி, ஆவியான திசு எங்கே போகிறது? எங்கள் மூக்குக்குள்.

பிறப்புறுப்பு மருக்களை எரிக்கும்போது விளக்கு வெளிச்சத்தில் புகை எழும்புவது கண்ணுக்கே தெரியும். முடி பொசுங்கிய நாற்றம் அடிக்கும். டாக்டர் அதன் மேலேயே குனிந்திருப்பார். எதிரே நிற்கும் செவிலியர் கையில் இருப்பது ரத்தம் உறிஞ்சும் சாதாரண சக்‌ஷன் குழாய். அது திரவத்துக்கானது, இவ்வளவு புகையை இழுக்க அதற்குச் சக்தி கிடையாது. முகத்தில் இருப்பதோ பக்கவாட்டில் காற்று புகும் சர்ஜிக்கல் மாஸ்க்.

மருவை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸின் டி.என்.ஏ. இந்தப் புகையில் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1991இல் நார்வே மருத்துவர்கள் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்தார்கள். இதே மருக்களுக்கு லேசர் சிகிச்சை அளித்துவந்த ஓர் அறுவை மருத்துவரின் குரல்வளையில் மரு வளர்ந்திருந்தது. அதில் இருந்தவை ஹெச்.பி.வி. 6, 11 வகைகள், பிறப்புறுப்பு மருக்களில் இருக்கும் அதே வகைகள். ஒருவருக்கு நேர்ந்ததை வைத்துப் புகைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆள் சேரும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டுமா?

தீர்வு புதிதல்ல. புகை உறிஞ்சியின் முனையை அறுக்கும் இடத்திலிருந்து 2 அங்குலத்துக்குள் பிடிக்க வேண்டும் என்று பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் 1996லேயே சொல்லிவிட்டது. அங்கே ரோட் ஐலண்ட் மாநிலம் புகையை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று 2018இல் சட்டமே கொண்டுவந்தது. லேசருக்கே பணம் ஒதுக்க முடிந்த உங்களுக்குப் புகை உறிஞ்சி பெரிய செலவாக இருக்காது. மரு, பாப்பிலோமா (மரு போன்ற கட்டி) கேஸ்களுக்கு முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 மாஸ்க்கும் கொடுங்கள்.

கண்ணைக் காக்கும் கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு வாங்கிய கண்ணாடி 980 நானோமீட்டர் அலைநீளமுள்ள டையோடு லேசர் என்ற வேறு வகையைத் தடுக்காது. அந்தக் கதிர் விழித்திரை வரை போகும், கண்ணுக்கும் தெரியாது. எந்தக் கருவிக்கு எந்தக் கண்ணாடி என்று எழுதி தியேட்டர் கதவிலேயே ஒட்டிவிடலாம்.

அப்புறம், புகை உறிஞ்சியில் அழுக்கு தேங்கிய பில்டரைக் கழற்றுவதும் ஆபத்தான வேலைதான். அதைத் துப்புரவு வேலை செய்யும் அக்காக்களிடம் வெறுங்கையோடு விட்டுவிடாதீர்கள். கையுறையும் மாஸ்க்கும் கொடுத்து, கழற்றியதை மருத்துவக் கழிவோடு சேர்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தியேட்டர் செவிலியர்