இந்த முறை பங்குனியில் வா

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நெட்டச்சிக்கு,

நாங்கள் நல்ல சுகம். நீயும் வீட்டாரும் சுகம்தானே. ஆவணிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். வெட்கத்தில்தான் எழுதவில்லை. அறுகம்பேயில் அந்த அறைக்கு முற்பணம் கட்டினது நான். போய் இறங்கினால், "அறையெல்லாம் நிறைஞ்சிட்டு அக்கா" என்று நின்றான் அந்தப் பொடியன். உன்னைக் கொண்டுபோய்ப் பொத்துவிலில் தெரிந்த வீட்டு விறாந்தையில் பாயில் படுக்க வைத்தேன். நீ சிரித்துச் சிரித்து நித்திரையானாய். எனக்கு விடியும்வரை கண் மூடவில்லை.

ஊர்ப்புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. பெரியம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. கொய்யாமரத்து வீட்டுக்காரிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், மூக்கு அப்படியே அந்த மூக்கு. எங்களுக்குப் படிப்பித்த சைக்கிள் சேர் இன்னும் சைக்கிள்தான்.

மறுகா, விஷயத்துக்கு வாறேன். இந்த முறை ஆகஸ்டில் வராதே கா. பங்குனியில் வா.

பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவு என்று இத்தனை வருஷமும் ஆகஸ்டில் வந்தாய், சரி. சின்னவனும் வேலைக்குப் போய்விட்டான். இனி யாருடைய லீவுக்குக் காத்திருக்கிறாய்? நீ வாற நேரமெல்லாம் கச்சான் காற்று அடித்து, வாயெல்லாம் மண், பகல் முழுக்க ஈரத் துவாயோடு விசிறிக்குக் கீழே கிடந்துவிட்டுப் போகிறாய். அறுகம்பேயில் அலைச்சறுக்க வாற வெளிநாட்டுக்காரர் சித்திரை கடைசியில் தொடங்கினால் ஐப்பசி மட்டும். ஆடி, ஆவணியில் அங்கே அறை விலையைக் கேட்கவே ஏலாது. பாசிக்குடாக் கடற்கரையில் சித்திரை வருஷம் பிறந்த கையோடு பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து இறங்கும். வாடைமழை மாசியோடு ஓய்ந்துவிடும். மழைக்கும் சனத்துக்கும் நடுவில் எங்களுக்கென்று கிடக்கிறது அந்தப் பங்குனி ஒன்றுதான்.

போன பங்குனியில் தங்கச்சி குடும்பத்தோடு இங்கினியாகலைக்குப் போனதை உனக்கு நான் ஒழுங்காகச் சொல்லவே இல்லை. சைக்கிள் சேரின் வகுப்பில் நீயும் நானும் நீலப் பென்சிலால் தீட்டித் தீட்டிக் கடதாசியைக் கிழித்தோமே, அதே குளம்தான், சேனநாயக்க சமுத்திரம். கல்லோயாத் திட்டம் 1949, தேசியப் பூங்கா 1954 என்று பாடமாக்கினது இன்னும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் குளத்தில் யானை நீந்தும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை கா!

விடியப்புறம் படகில் ஏறினோம். தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள் நின்றன, ஒவ்வொரு கொப்பிலும் நீர்க்காகம். கொஞ்சத் தூரம் போனதும் படகுக்காரர் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டுக் கையைக் காட்டினார். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை, ஏதோ தடி மிதக்குது என்று நினைத்தேன். அது தும்பிக்கை நுனி. மறுகா நெற்றி, மறுகா முதுகின் ஒரு துண்டு. ஒரு தீவிலிருந்து மற்றத் தீவுக்கு ஆறுதலாகப் போகுது, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு குட்டி. கரையேறினதும் பார்த்தால், நனைந்த உடம்பு மைக்கறுப்பு, நனையாத முதுகு மேடு மட்டும் சாம்பல் பூசினது போல. எங்கள் படகில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. மாரி மழையில் குளம் நிரம்பிக் கிடக்கிற காலத்தில்தான் இப்படிப் பார்க்கலாம், தண்ணீர் வற்றினால் தீவெல்லாம் கரையோடு சேர்ந்துவிடும், யானை நடந்தே போய்விடும் என்றார் படகுக்காரர். அதற்குத்தான் சொல்கிறேன், ஆகஸ்டில் வராதே என்று.

அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ட வீட்டிலிருந்து இரண்டு, இரண்டரை மணித்தியாலப் பாதை. அம்பத்தைந்து வயதில்தான் முதல் தரம் பார்க்கிறேன். எங்களுக்கு ஊர் சுற்றிப் பார்க்கிற வயது வந்தபோது, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பாலம் கடக்கிறதே பெரும்பாடாக இருந்தது. குமண சரணாலயத்தை 1985இல் பூட்டினவர்கள் 2003இல்தான் திறந்தார்கள். நீ 1990இல் கனடாவுக்குப் போய்விட்டாய். வாற பிள்ளைகளுக்கெல்லாம் நயாகராவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறாய், உன்ட சொந்த மாகாணத்தை நீ இன்னும் பார்க்கவில்லை. நானும் முழுக்கப் பார்க்கவில்லை. இதை யோசித்தால் எனக்கு நித்திரை வருகுதில்லை.

ஆகவே திட்டம் போட்டுவிட்டேன். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வராதே, பகல் உதயதேவியில் ஏறு. வெலிக்கந்தை, புனானை தாண்டினால் ரெண்டு பக்கமும் வெள்ளாமை வெட்டு நடக்கும். வந்து ரெண்டு நாள் வீட்டில் இரு, களப்பு இறாலும் பிட்டும் என்ட பொறுப்பு. மறுகா ஒரு கிழமை நாளில் பாசிக்குடா. வெள்ளி, சனி வேண்டாம். மார்ச் 27ஆம் திகதி காரைதீவுக்குப் போவோம். விபுலானந்த அடிகளார் 1892இல் பிறந்த நாள் அது, அவருடைய ஊரில் நிற்க எனக்கு ஆசை. அங்கிருந்து அம்பாறை, இங்கினியாகலை. திரும்பிக் கடற்கரைப் பாதையில் திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை. நோன்புப் பெருநாள் கழிந்த பிறகென்றால் அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் பகல் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேணும். குமணையில் பறவைகள் கூடு கட்டுவது சித்திரைக்குப் பிறகு, அது எங்களுக்குக் கிடைக்காது. அறுகம்பேயில் பாதிக் கடை பூட்டிக் கிடக்கும், கிடக்கட்டும். களப்பில் பாடும் மீனின் சத்தம் கேட்கிறதும் சித்திரை தொடங்கித்தான் என்பார்கள். ஆனாலும் முழுநிலாப் பறுவ இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணி எடுத்து, துடுப்பை ஆற்றில் இறக்கி, மற்றத் தலைப்பில் காதை வைத்துப் பார்ப்போம். அப்பா ஒருநாள் எனக்கு அப்படி வைத்துக் காட்டினார். தோணியில் ஒருவரும் அசையக்கூடாது, அவ்வளவுதான்.

உன்ட முழங்கால் நோவை மறக்கவில்லை. உகந்தை மலையில் ஏறுகிறதைக் காலையில் ஆறுதலாகச் செய்வோம். ஏலாவிட்டால் கீழே முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஆனால் இன்னும் அஞ்சு வருஷம் பொறுத்தால் படகில் ஏறவே ரெண்டு பேருக்கும் ஆள் பிடிக்க வேணும் கா. அந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

அறை எதற்கும் முற்பணம் அனுப்பாதே. பங்குனியில் நேரே போய், கட்டிலையும் குளியலறையையும் பார்த்துவிட்டு எடுக்கலாம். நீ டிக்கெட்டை மட்டும் போடு. கனடாவிலிருந்து எல்லாரும் எதற்கும் சொக்லேட் கொண்டு வாறீர்கள், நீ நல்லதொரு தூரக்கண்ணாடி கொண்டு வா.

வேன்காரத் தம்பி சித்திரை வருஷத்துக்கு முன்னால் வேறு ஓட்டங்களும் வருகுது என்கிறார். சனிக்கிழமைக்குள் திகதி கேட்டிருக்கிறார். வெள்ளி இரவு கோல் எடு.

அன்புடன்,
கல்லடியாள்