வத்தத்தில் எடுத்த தண்ணீர்

மஞ்சக்குப்பம், கடலூர்
நவம்பர் 2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்காதே, எழுதாதே என்று மகள் பேனாவை எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, வீட்டுச் சுவரில் இருக்கும் அழுக்கு உட்பட.

ரொம்பக் கோபமாக எழுதியிருந்தாய். வாய்க்காலில் ஊதாத் தண்ணீர் ஓடியது, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு புகார் கொடுக்கப் போனேன், 'தேதி எங்கே, இடம் எங்கே' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று. வங்கியில் முப்பது வருடம் வவுச்சர் பார்த்தவன் நீ. தேதி இல்லாத வவுச்சரை யாராவது உன்னிடம் நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நான் பட்ட அவமானம் உன்னுடையதைவிட மோசம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இருபது வருடத்துக்கு முன்னால், உப்பனாற்றில் மீன் செத்து மிதந்த ஒரு காலையில், குளிர்பான பாட்டில் ஒன்றைக் கழுவி ஆற்றுத் தண்ணீரைப் பிடித்தேன். அன்று பள்ளியில் தேர்வு. மறுநாள் மதியம்தான் அதை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போக முடிந்தது. அங்கிருந்தவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இது ஆத்துத் தண்ணிதான்னு யார் சொன்னது?" நான்தான் சொல்கிறேன் என்றேன். "நீங்க யாரு?" வேதியியல் ஆசிரியர் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "அப்ப லேப்லயே கலந்திருக்கலாமே சார்" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மனிதர் மேல் பல வருடம் கறுவிக்கொண்டிருந்தேன். பிறகு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை உட்கார்ந்து படித்தபோது கோபம் என் பக்கமே திரும்பியது. 1974-ம் ஆண்டுச் சட்டம் அது. அதன் 21-வது பிரிவு சொல்வது இதுதான்: கழிவுநீர் மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆள்தான் எடுக்க வேண்டும். ஆலைக்காரருக்கு அங்கேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தண்ணீரை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பரிசோதனை முடிவு நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்காது. சட்டத்தை விடு, என் சொந்தப் பாடமே என்னைக் கைவிட்டிருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க வேண்டுமென்றால் ஆற்றங்கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் ஊற்றி அதைப் பிடித்து வைத்துவிட வேண்டும். உலோகம் தேட வேண்டுமானால் நைட்ரிக் அமிலம் சில துளி. மற்றதெல்லாம் ஐஸ் பெட்டியில் போக வேண்டும். நான் ஒரு நாள் முழுக்க அலமாரியில் வைத்திருந்த பாட்டிலுக்குள் கிருமிகள் விருந்து சாப்பிட்டு முடித்திருக்கும். பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுத்தவன் செய்த வேலை இது.

கொலை என்றால் பிணம் கிடைக்கும், திருட்டு என்றால் பெட்டி காணாமல் போயிருக்கும். இந்தக் குற்றத்தில் தடயமே ஓடிப்போகிற சாமான். உப்பனாறு வேறு சாதாரண ஆறு இல்லை, கடல் உள்ளே வந்து போகிற ஆறு. ஆறு மணி நேரம் கடல் தண்ணீர் உள்ளே ஏறும் ஏற்றம், ஆறு மணி நேரம் அது வடிந்து இறங்கும் வத்தம். காலையில் நீ பார்த்த தண்ணீர் சாயங்காலம் கடலில் இருக்கும். ஒரு தனியாள் நேராகக் கோர்ட்டில் வழக்குப் போட விரும்பினால் 60 நாள் முன்கூட்டியே வாரியத்துக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது அதே சட்டம். 60 நாளில் நூறு முறைக்கு மேல் கடல் வந்து ஆற்றைக் கழுவிவிட்டுப் போய்விடும்.

2004-ல் இங்கே சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் பக்கெட்டில் காற்றுப் பிடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது திருச்சியில் இருந்தாய் என்று நினைக்கிறேன். பெயிண்ட் டப்பா மாதிரி ஒரு பிளாஸ்டிக் வாளி, உள்ளே ஒரு பை, காற்றை இழுக்க ஒரு சின்ன பம்ப். வாடை வரும் நேரம் பார்த்து மூடியைத் திறந்து பையில் காற்றைப் பிடித்து அமெரிக்காவில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் இருந்தன, அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. என்ன வாடை, எந்த நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து என்று ஊர்ப் பெண்கள் குறித்து வைத்ததுதான் எனக்கு வாளியைவிடப் பெரிய விஷயம். அழுகின முட்டை, மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ் என்று அவர்கள் பேர் வைத்தார்கள். படித்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள், நானும்தான். அழுகின முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. மிகமிகக் குறைந்த அளவில் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும், பல கருவிகளுக்கு முன்னால். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டிவிட்டால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, பயமில்லை' என்று யாராவது சொன்னால் எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்யும்.

சரி, இப்போது நடக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மே மாதம் குடிகாட்டில் சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டி வெடித்து ஊருக்குள் தண்ணீர் புகுந்த செய்தியைப் படித்திருப்பாய். அதற்குப் பிறகு ஆற்றோரத்து ஊர்ப் பையன்கள் நாலு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவன் என் பழைய மாணவனின் மகன். டிரோன் வாங்கலாமா சார் என்றார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கடா என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வாங்கினார்கள்.

இரவும் பகலும் முறை போட்டுக்கொண்டு, தண்ணீரில் நிறமோ நுரையோ வாடையோ வந்தால் நேரத்தோடு எழுதுவது. அவ்வளவுதான் வேலை. அவர்களோடு ஓர் ஆயாவும் சேர்ந்துகொண்டது. கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்தே பிள்ளைகளைக் கரையேற்றிய ஆள். எழுதத் தெரியாது, பேரனை எழுத வைக்கும். "மடவை மீன் துள்ளுது, தண்ணி திரும்பிடுச்சு பாரு" என்று இருட்டில் சொல்லும். பையன்கள் போனில் ஏற்றமும் வத்தமும் எப்போது என்று காட்டும் ஓத அட்டவணையைத் திறந்து பார்ப்பார்கள், சரியாக இருக்கும். மடவையைக் குழம்பு வைத்தால் மண்ணெண்ணெய் வாடை வருகிறது, சந்தையில் உப்பனாற்று மீன் என்று சொன்னாலே கூடையைத் தள்ளிவிடுகிறார்கள் என்பது அதன் ஓயாத புலம்பல்.

ஆறு வாரத்து நோட்டை வாங்கி நான் வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் நள்ளிரவு ஒன்று பத்து, மறுநாள் இரண்டு மணி, அதற்கடுத்த நாள் மூன்றுக்குப் பத்து நிமிடம் முன்னால். தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போயிருந்தது. 50 நிமிடம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், கடற்கரையில் வளர்ந்தவன். நிலாவின் கணக்கு, அது தினமும் அவ்வளவு தாமதமாக வரும், ஏற்றமும் வத்தமும் அதோடு தள்ளிப் போகும். வத்தம் தொடங்கும் நேரத்துக்கெல்லாம் வாடை வந்திருக்கிறது.

பையன்கள் குதித்தார்கள். நான்தான் கெடுத்தேன். மேலே எங்கோ தேங்கிக் கிடக்கும் கெட்ட தண்ணீரை வத்தம் தானாகவே கீழே இழுத்துக்கொண்டு வரும், அதற்கு யாரும் மடை திறக்க வேண்டியதில்லை, உங்கள் நோட்டு யாரையும் பிடிக்கவில்லை என்றேன். இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே கிடந்தேன். ராத்திரி தூக்கம் வராமல் நோட்டைத் திரும்பப் புரட்டியபோதுதான் எழுதாத பக்கம் கண்ணில் பட்டது. நம் கடற்கரையில் ஒரு நாளைக்கு இரண்டு வத்தம். ராத்திரி வத்தத்தில் வாடை, பன்னிரண்டரை மணி நேரம் கழித்துப் பகலில் வரும் வத்தத்தில் ஒன்றுமில்லை. ஆறு வாரமும் அப்படியே. நிலாவுக்கு ராத்திரி, பகல் என்ற பேதம் கிடையாது. மனுஷனுக்குத்தான் உண்டு.

மறுநாள் நாங்கள் எழுதிய மனுவில் யார் பெயரும் இல்லை, எந்த ஆலையின் பெயரும் இல்லை. இந்தந்தத் தேதிகளில் இந்தந்த மணிக்கு இந்த இடத்தில் வந்து நின்றால் நீங்களே பார்க்கலாம் என்று வரும் வாரத்து அட்டவணையை மட்டும் இணைத்தோம். திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்தது அது.

நீ பசுமைத் தீர்ப்பாயம் போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போகலாம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. சாட்சியச் சட்டத்தின் கெடுபிடிகள் அதற்குக் கட்டாயமில்லை என்று 2010-ம் ஆண்டுச் சட்டமே சொல்வதால் நோட்டுக்கும் அங்கே கொஞ்சம் மரியாதை உண்டு. ஆனால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், காரணம் சொன்னால் இன்னும் 60 நாள் தருவார்கள். இழப்பீடு கேட்பதென்றால் 5 வருடம். ஆகவே உன் ஊதா வாய்க்காலுக்குத் தேதி போட்டு வை, முதலில்.

உங்கள் புதுச்சேரிப் பிரதேசத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. 2024 பிப்ரவரியில் தண்ணீர்ச் சட்டத்தைத் திருத்தினார்கள் அல்லவா. முன்பு ஆற்றில் நஞ்சு கலந்தவனுக்குக் குறைந்தது ஒன்றரை வருடம், அதிகபட்சம் 6 வருடம் சிறை. திருத்தத்தில் அது 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதமாகிவிட்டது. கட்டாமல் விட்டால்தான் சிறை. அது முதலில் அமலானது இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், அப்புறம் யூனியன் பிரதேசங்களில். மற்ற மாநிலங்கள் தாங்களாகத் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டால்தான். முள்ளோடை எல்லையைத் தாண்டிப் பாண்டிக்குள் போனால் மதுபாட்டில் விலை குறையும் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அன்றைக்கு ஆற்றைக் கெடுப்பதற்கும் அங்கே விலை குறைந்துபோனது. பெண்ணையாறு பாகூர் பக்கம் உங்கள் எல்லையை உரசிக்கொண்டு ஓடுகிறது, ஒரு கரைக்கு ஒரு நியாயம் என்று ஆற்றுக்கு யார் சொல்வது? அபராதமே போதும், சீக்கிரம் வசூலாகும், சிறை என்று எழுதி வைத்து யார் போனார்கள் என்று என் மருமகன் வாதாடுகிறார். அவர் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் 15 லட்சம் என்பது ஆயாவுக்குத்தான் பெரிய தொகை.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபெஞ்சல் புயல் வந்து வருடம் ஆகப் போகிறது. பாண்டியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர், உன் வீட்டுக் கூடத்தில் கட்டில் மிதந்த கதையைப் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேன். இங்கே சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டதும் பெண்ணையாறு ஊருக்குள் வந்தது. கடல் சூடாவதால் புயல்கள் இப்படிக் கொட்டித் தீர்ப்பது அதிகமாகிறது என்று படிக்கிறோம். எனக்கு அதில் கூடுதலாக ஒரு கவலை. வெள்ளம் போல ஒரு வக்கீல் கிடைக்காது. முற்றத்தில் குவித்து வைத்ததெல்லாம் அடித்துக்கொண்டு போகும், யார் கழிவு யாருடையது என்று பிரிக்க முடியாது, ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்டவன் 'மழைத் தண்ணி சார்' என்று கையை விரிப்பான். எங்கள் நோட்டிலும் மழை நாட்களின் பக்கங்கள் எதற்கும் உதவாது.

உன் கடற்கரை மணல் திரும்பி வந்ததை எழுதியிருந்தாய், சந்தோஷம். 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு வைத்தபோது நான் நம்பவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். எண்பதுகளில் துறைமுகத்துக்குப் போட்ட கல்சுவர் வடக்கே போகிற மணலை மறித்தது. நகரத்தைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள், அரிப்பு கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி என்று எங்கள் மாநிலத்துக் குப்பங்களுக்கு நகர்ந்துபோனது. எத்தனை வீடுகள் கடலுக்குள் போயின. அதில் குற்றவாளி யார்? எல்லாம் அனுமதியோடும் கையெழுத்தோடும் நடந்தது. ராத்திரி மடை திறப்பவனையாவது நோட்டுப் போட்டுப் பிடிக்கலாம். பட்டப்பகலில் முத்திரையோடு நடப்பதை எந்த நோட்டில் எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை. நீ வந்தால் பேசுவோம்.

போன வியாழன் ராத்திரி வாரியத்து ஜீப் வந்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை. மூன்று பேர், அதில் ஒரு பெண், சின்ன வயசு. ஒன்றே முக்காலுக்கு வாடை கிளம்பியது. அந்தப் பெண் அசையாமல் கரைமேலேயே போய் ஒரு குழாய் வாயைக் கண்டுபிடித்து, ஆளை எழுப்பி, நோட்டீஸ் கொடுத்து, தண்ணீரை இரண்டாகப் பிரித்து அரக்கு வைத்தார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒருவர் முரண்டு பிடித்தார், அப்புறம் போட்டார். ஆயா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது. முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் என்ன ஆகும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை. ஆனால் அரக்கு உருகிய வாசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வா. இரவு தங்குகிற மாதிரி. உன் வாய்க்காலுக்கும் ஓதம் ஏறுமா என்று பார்த்து எழுது. வரும்போது உன் வீட்டுப் பரணில் கிடக்கும் அந்தப் பழைய ஐஸ் பெட்டியைக் கொண்டு வா, பையன்களுக்கு வேண்டும். கமலாவிடம் கேட்டதாகச் சொல்.

உன்,
பழனி