எங்கள் வண்டியைச் சோதித்துப் பாருங்கள்

ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், தமிழ்நாடு, புதுச்சேரி போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கடலூர் முதுநகரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். விசைப்படகுக்கு வேண்டிய இரும்பு வேலை, டிராக்டர் டிரெய்லர், கேட், கிரில் எல்லாம் செய்வோம். முப்பத்தொரு வருடமாக இதுதான் பிழைப்பு. இந்த மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் தங்கை மகனும் ஒரு கார் கட்டினோம். பாடி ஒரு வண்டியுடையது, சேசிஸ், அதாவது அடிச்சட்டம், இன்னொரு வண்டியுடையது. வேலை முடிந்துவிட்டது. ஆனால் ரோட்டில் எடுக்க முடியாது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பாடி பிரீமியர் பத்மினி. எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் ஃபியட் என்றுதான் சொல்வார்கள். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. அப்படிச் சாய்ந்த பலாமரம் ஒன்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் கார் ஷெட் மேல் விழுந்தது. பத்மினியின் கூரை சீட்டு வரைக்கும் அமுங்கிப் போனது. அவருக்கு அதைக் காயலான் கடைக்குப் போட மனசு வரவில்லை. பல வருடம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். கேட் வேலைக்காகப் போன என்னிடம் ஆர்.சி. புத்தகத்தோடு கொடுத்துவிட்டார். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த என் மருமகன் பார்த்துவிட்டு, “மாமா, கூரைதானே போச்சு, மத்ததெல்லாம் நல்லா இருக்கே. ஹாட் ராடு கட்டலாமா?” என்றான். அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

அப்புறம் அவன் சொல்லித் தெரிந்துகொண்டது இது. அமெரிக்காவில், முக்கியமாகக் கலிபோர்னியாவில், கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, தேவையில்லாத தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். அப்படி மாற்றிக் கட்டிய வண்டிக்குத்தான் ஹாட் ராடு என்று பேர். 1932-ல் ஃபோர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைக் கொண்டுவந்ததும் அது இன்னும் சூடுபிடித்தது. போர் முடிந்து ஊர் திரும்பிய பையன்கள் பட்டறைகளில் கற்றதையெல்லாம் இதில் காட்டினார்கள். அவர்களுக்குப் பிடித்த கலவைகளில் ஒன்று, 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ பாடியை 1932 சேசிஸின் மேல் உட்கார வைப்பது. இரண்டுக்கும் சக்கர இடைவெளியில், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள நீளத்தில், இரண்டரை அங்குலம் வித்தியாசம். பொருந்தாததைப் பொருத்துவதுதான் அந்தக் கலையே. இதைக் கேட்டதும் எனக்குத் துறைமுகத்தில் ஓடும் மீன்பாடி வண்டிதான் ஞாபகம் வந்தது. அதை உதாரணமாகக் காட்டிச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. கிடைத்த இரும்பை வைத்து வண்டி கட்டும் கை எங்கள் ஊரிலும் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வண்டியில் என்ன செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் சோதிக்கப் போவது அதைத்தான்.

பத்மினிக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்கும். நசுங்கிய கூரையை அறுத்து எடுத்து, முன்னும் பின்னும் ஸ்டாண்டு வைத்து நிறுத்தினோம். காலையில் சாத்திய கதவு மத்தியானம் சாத்த வரவில்லை. மேல்பக்க இடைவெளி மூடிக்கொண்டு, பூட்டு தூணில் இடித்தது. நடுப்பகுதி தொய்ந்துவிட்டது. கூரை இல்லாத பாடியை அப்படியே ஓட்டினால் என்ன ஆகும் என்பதை அந்தக் கதவே காட்டிவிட்டது. அதனால்தான் அடியில் ஜீப் சேசிஸ் கொடுத்தோம்.

மகிந்திரா 540 ஜீப் ஒன்று ஆர்.சி.யோடு 45,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பாடி துருப்பிடித்துச் சல்லடையாக இருந்தது. பேஜோ டீசல் எஞ்சின் நன்றாக இருந்தது. சேசிஸை வாங்குவதற்கு முன் முழு நீளமும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீர் என்று பேசும். துரு உள்ளே தின்ற இடம் மொத்தென்று சொல்லும். உப்புக்காற்று ஊரில் கண்ணை நம்பக் கூடாது, காதைத்தான் நம்ப வேண்டும். பின் குறுக்குச் சட்டம் மட்டும் மொத்தென்றது. அதை மாற்றினோம். மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தால் மூன்று நூல் வித்தியாசம் (எட்டு நூல் ஓர் அங்குலம்). சேசிஸ் எங்கேயோ அடிபட்டு லேசாகச் சாய்சதுரமாகியிருந்தது. செயின் பிளாக் கட்டி, ஜாக்கி கொடுத்து, அரை நூலுக்குள் கொண்டுவர இரண்டு ஞாயிறு ஆனது. அதற்கு முன்னால் ஒரு பிராக்கெட்கூட வைக்க நான் விடவில்லை. கோணலான சட்டத்தில் எதைப் பற்றவைத்தாலும் அந்தக் கோணல்தான் நிலைக்கும்.

இரண்டுக்கும் சக்கர இடைவெளி கிட்டத்தட்ட ஒன்று. டேப்பை வைத்து அளந்தால் மூன்று சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அகலத்தில்தான் வம்பு. ஜீப் சட்டங்கள் குறுகல், பத்மினி அகலம். இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் எட்டு பிராக்கெட் கொடுத்து, நடுவில் ரப்பர் வைத்துப் போல்ட்டில் பாடியை இறக்கினோம். தரையை அறுத்து நாலு அங்குலம் தாழ்த்தி உட்கார வைத்ததால்தான் அது ஜீப் மாதிரி எழும்பி நிற்காமல் ஹாட் ராடு மாதிரி இருக்கிறது. ஜீப்பின் ஸ்டியரிங் பாக்ஸ் பத்மினி டேஷ்போர்டுக்கு நேராக வரவில்லை. தண்டை அறுத்து வெல்டு வைத்துவிடு என்று பலபேர் யோசனை சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட் வாங்கிப் போல்ட்டில் இணைத்தோம். ஸ்டியரிங்கில் எங்கள் வெல்டு ஒரு பொட்டுகூடக் கிடையாது. பிரேக்கில் பழைய பொருள் எதையும் போடவில்லை. மொத்தச் செலவு 1,30,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். வாத்தியாரின் முந்திரித் தோப்புக்குள், அவர் இடத்திலேயே, மணிக்கு இருபது முப்பது கிலோமீட்டரில் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் நாள் என் மருமகன் அடியில் படுத்து ஒவ்வொரு பிராக்கெட்டிலும் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பவுடர் தூவினான். இடதுபக்கம் இரண்டாவது பிராக்கெட்டில் வெள்ளைப் பொடியின் மேல் முடி மாதிரி ஒரு கோடு ஈரமாக எழுந்து வந்தது. விரிசல். என் வெல்டு. கை நடுங்கிவிட்டது. பிராக்கெட்டைச் சட்டத்தின் மேல்பட்டையில் குறுக்காகப் பற்றவைத்திருந்தேன். சேசிஸ் வளைந்து கொடுக்கும்போது அதிகமாக இழுபடுவது மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும்தான். அங்கே குறுக்கே வெல்டு போட்டால் அதன் ஓரத்திலிருந்தே கிழியத் தொடங்கும். விரிசலின் நுனியில் சின்ன ஓட்டை போட்டு ஓடாமல் நிறுத்தி, கிரைண்டரால் பள்ளம் வெட்டி, காய வைத்த 7018 வெல்டிங் ராடில் நிரப்பினோம். எட்டு பிராக்கெட்டையும் கழற்றி, பக்கவாட்டில் மட்டும் பிடிக்கிற மாதிரி, முனையை மீன்வாய் போல வெட்டி மறுபடி வைத்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் சாக்பவுடர் பார்க்கிறோம். இதுவரை கோடு வரவில்லை.

முப்பத்தொரு வருடம் வெல்டு வைத்தவனின் கையே தவறும் என்றால், சோதனை வேண்டும் என்றுதானே அர்த்தம். அந்தச் சோதனைக்குத்தான் எனக்கு வழி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி முதலில் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2021-ல் ஐம்பது வருடப் பழைய வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்தோடு தனி நம்பர் கொடுத்தீர்கள். நல்ல காரியம். ஆனால் அதில் சேசிஸ், பாடி, எஞ்சின் மாறியிருக்கக் கூடாது. பழமையைக் காக்கிற விதி அது, எங்கள் வண்டிக்குப் பொருந்தாததில் எனக்கு வருத்தமில்லை. இன்னொரு வழி, கம்பெனிகள் போல மாதிரி வண்டியைச் சோதனை மையத்துக்கு அனுப்புவது. ஒரகடத்திலேயே அப்படி ஒரு மையம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செய்யப்போகிறவர்கள் ஒரு வண்டியை மோதி உடைத்துப் பார்க்கலாம். என்னிடம் இருப்பதே ஒன்று.

ஓர் அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் போட்டோக்களைக் காட்டினேன். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். “வேலை நல்லா இருக்கு. ஆனா இதை எந்தக் கணக்குல சேர்க்கிறது?” என்றார். அவர்மேல் குறையே இல்லை. அவர் கையில் அதற்கு ஒரு படிவம் இல்லை.

அந்தப் படிவத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய வண்டியை ஒன்று ஒன்றாகத் தனியே சோதித்து அனுமதிக்கும் முறை இருக்கிறது. பல வண்டியின் பாகங்கள் சேர்ந்து, எது மூலம் என்று சொல்ல முடியாத வண்டிக்கு ‘கியூ’ என்று தொடங்கும் நம்பர் கொடுக்கிறார்கள். பார்த்தவுடனே இது அப்படிப்பட்ட வண்டி என்று தெரிந்துவிடும். கலிபோர்னியாவில் இப்படிக் கட்டிய வண்டிகளுக்கு, எந்த ஆண்டு மாடலைப் போல் இருக்கிறதோ அந்த ஆண்டின் புகை விதிப்படி பதிவு செய்ய ஆண்டுக்கு 500 இடம் மட்டும் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலேயே சி.என்.ஜி. கிட் மாட்டவும் மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றி அமைக்கவும் வழி வைத்திருக்கிறீர்களே. ஆக மாற்றம் என்றாலே ஆகாது என்பதில்லை, சோதித்தால் ஆகும் என்று ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. இரண்டு திருட்டு வண்டியை ஒட்டி ஒன்றாக்கிவிடுவான் என்பது முதல் கவலை. அதற்கு இரண்டு ஆர்.சி.யையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையவை தயாராக இருக்கின்றன. வேலை தொடங்கும் முன்பே அனுமதி, பெயிண்ட் அடிக்கும் முன் வெல்டைப் பார்ப்பது, கடைசியில் பிரேக், ஸ்டியரிங், விளக்கு, புகை என்று மூன்று கட்டமாக வையுங்கள். பெயிண்டும் பட்டியும் போட்ட பிறகு வெல்டைப் பார்த்துப் பயனில்லை, அது எல்லாவற்றையும் மூடிவிடும். வேகத்துக்கு அறுபது என்று எல்லை வையுங்கள், வருடா வருடம் எஃப்.சி. என்று சொல்லுங்கள், வாடகைக்கு ஓட்டக் கூடாது என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் சம்மதம். முதலில் சின்னதாகப் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரியில் வருடத்துக்குப் பத்து வண்டி என்று தொடங்கலாம்.

ஏன் இவ்வளவு மன்றாடுகிறேன் என்றால், என் மருமகன் மாதிரிப் பையன்கள் எங்கள் ஊரில் நிறைய. இரண்டு வருடம் புத்தகத்தில் படித்தும் பிடிபடாத விஷயம், அந்தச் சாக்பவுடர் கோட்டைப் பார்த்த அன்று அவனுக்குப் பிடிபட்டது. வழி இல்லை என்பதால் இந்த ஆசை நின்றுவிடாது. ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஈ.சி.ஆர். ரோட்டில் வேகம் பார்க்கப் போகும். 1951-ல் அமெரிக்காவில் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கியதே, தெருவில் பந்தயம் ஓடியவர்களைத் தனி இடத்துக்குக் கொண்டுவந்து ஒழுங்குக்குள் வைக்கத்தான்.

எங்கள் வண்டி இப்போது பட்டறையின் பின்பக்கம் நிற்கிறது. அடிப்பக்கத்துக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. நீங்கள் வந்தால் வெல்டு தெரிய வேண்டும் என்று எண்ணெய் மட்டும் தடவி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து நாங்கள் அங்கேதான் இருப்போம். மண்ணெண்ணெயும் சாக்பவுடரும் எங்களிடம் இருக்கிறது. சுத்தியலை மட்டும் உங்கள் கைக்குப் பழகியதாக எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வெல்டிங் பட்டறைக்காரன்